ஜூலையில் அம்மா வருகிறார், குழந்தைக்கு முதல் பிறந்தநாள்: புகைக்கும் இடிமழைக்கும் நடுவே எந்த வாரத்தை நம்புவது?

மதுரை_டு_பிராம்ப்டன் கேட்டது:

வணக்கம். டொரண்டோ பக்கம் வந்து எனக்கு இது இரண்டாவது கோடை. முதல் கோடையில் பட்டதை வைத்துத்தான் இந்தக் கேள்வி.

ஊரிலிருந்து அம்மா ஜூன் கடைசியில் வருகிறார். 68 வயது, பல வருடமாக ஆஸ்துமா. போகி அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பவர். பையனுக்கு முதல் பிறந்தநாள் ஜூலையில். மண்டபம் எடுத்தால் பட்ஜெட் தாங்காது என்பதால் மிசிசாகாவில் ஏரியோரப் பூங்கா ஒன்றில் ஷெல்டர் பதிவு செய்யப் பார்க்கிறோம். அறுபது பேர் வருவார்கள், சமையல் நாங்களே. தேதி ஒரு மாதம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை, குழந்தைக்கா தெரியப்போகிறது?

2025 ஜூன் 23, 24 ஞாபகம் இருக்கிறதா? 36 டிகிரி. மதுரைக்காரனுக்கு 36 எல்லாம் ஒரு வெயிலா என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனவன், சாயங்காலம் தலைசுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சரியாக மூன்று வாரம் கழித்து ஜூலை 14, திங்கட்கிழமை. கதவைத் திறந்தால் தெரு முழுக்கக் கரி வாசம், எதிர்வீடு மங்கலாகத் தெரிகிறது. இதற்கு நடுவில் ஒரு நாள் பேய் இடி இடித்து, மத்தியானம் 31 இருந்தது ராத்திரி 17க்கு இறங்கியது. நம்ம ஊரில் கத்திரி என்றால் கத்திரி, ஐப்பசி என்றால் அடைமழை. இங்கே ஒரே வாரத்தில் எல்லாம் வந்து போகிறது.

அரசாங்கம் வெளியிடும் மூன்று மாத முன்னோட்டத்தைப் பார்த்துத் தேதி குறிக்கலாம் என்று நினைத்தேன். அதில் சிவப்பு அடித்திருந்தால் எத்தனை டிகிரி என்று அர்த்தம்? ஜூலையா, ஆகஸ்டா, எது பாதுகாப்பு? நாங்கள் இருப்பது பேஸ்மென்டில், அந்தக் கவலையும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_சின்னவன்:

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. புகை வந்தாலும் ஒரு நல்ல மழை பெய்தால் கழுவி விட்டுடும். ஆகஸ்ட் முதல் வார லாங் வீக்கெண்ட் போடுங்க, எப்பவும் நல்லா இருக்கும்.

பதினேழாம்_ரோட்டு_லொறிக்காரன்:

தம்பி, சின்னவன் சொன்னதில் பாதி ஆசை, பாதி பிழை. ஆறுதலாக எழுதுகிறேன், இன்றைக்கு எனக்கு லீவு.

நான் 1991இல் இருந்து ஸ்காபரோவில். இருபத்திரண்டு வருடமாக லொறி. ரொறன்ரோவில் இருந்து வின்னிப்பெக், திரும்ப ரொறன்ரோ. சட்பரி, சூ சென் மரி, வாவா, தண்டர் பே, டிரைடன், கெனோரா என்று 17ஆம் நெடுஞ்சாலை முழுக்க. ஒரு பக்கம் மட்டும் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். உங்களிடம் வருகிற புகை பெரும்பாலும் முதலில் என்னைச் சந்தித்துவிட்டுத்தான் வரும். அந்த உரிமையில் கதைக்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு வரைபடம். அதில் சிவப்பு என்பது சூட்டின் அளவு இல்லை, சூதாட்டத்தின் பந்தயம். பழைய முப்பது வருடக் கோடைகளை எடுத்துச் சூடானது, நடுத்தரம், குளிரானது என்று மூன்று கூடையில் சமமாகப் போடுவார்கள். வரப்போகும் கோடை எந்தக் கூடையில் விழும் என்பதற்கான சாத்தியத்தைத்தான் நிறமாகக் காட்டுகிறார்கள். சூடான கூடைக்கு 60 வீதம், 70 வீதம் என்று ஏற ஏறச் சிவப்பு கடுமையாகும். ஆனால் மூன்று மாதச் சராசரி வழமையைவிட ஒரு டிகிரி கூடினாலே அது அந்தக் கூடைக்குள் போய்விடும். பியர்சன் விமான நிலையத்தில் ஜூலைப் பகல் உச்சம் வழமையாக 27 டிகிரி அளவில். அது 28 ஆனால் உங்கள் பிறந்தநாள் விழாவுக்கு என்ன வந்தது? ஆகச் சூடான கோடையிலும் ஸ்வெட்டர் தேடுகிற சனிக்கிழமை இருக்கும். பசிபிக் கடலின் சூடு மாறுவதை வைத்து எல் நினோ, லா நினா என்று சிலர் பயமுறுத்துவார்கள். எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில் அதற்குச் செல்வாக்கு உண்டு, கோடையில் பிடி தளர்வு. ஆகவே அந்த வரைபடத்தைப் பார்த்துத் தேதி வைக்க வேண்டாம். ஏசி வாங்குவதா என்று முடிவெடுக்க மட்டும் பாருங்கோ.

தேதியைச் சொல்லுவது காற்று. ஊரில் எங்கள் அப்பு சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துத்தான் தோட்டம் செய்தார். இங்கே வந்து முப்பது வருடத்துக்குப் பிறகு நானும் அதே கணக்குக்குத்தான் வந்திருக்கிறேன்.

தென்மேற்கில் இருந்து இரண்டு மூன்று நாள் காற்று அடித்தால், அது மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஈரத்தைச் சுமந்து வரும். யாழ்ப்பாணத்துச் சோளகம் காய்ந்த காற்று. இங்கத்தைய தென்மேற்குக் காற்று முகத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி. நாங்கள் அவிச்சல் என்று சொல்லுவோம், நீங்கள் புழுக்கம் என்பீர்கள். அதற்குத்தான் கனடாக்காரர் ஹியூமிடெக்ஸ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வானிலைப் பக்கத்தில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் பனிநிலையைப் பாருங்கோ, டியூ பாயிண்ட் என்று போட்டிருப்பார்கள், காற்றில் ஈரம் கூடக்கூட அது ஏறும். 30 டிகிரி வெயிலில் பனிநிலை 12 என்றால் உணர்வது 32 மாதிரி. அதே 30இல் பனிநிலை 22 என்றால் 39ஐத் தொடும். நீங்கள் படியில் உட்கார்ந்தது 36ஆல் இல்லை தம்பி, அந்த ஈரத்தால். வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது.

இந்த அவிச்சல் தானாக முடியாது, அதை ஏதாவது வந்து உடைக்க வேண்டும். உடைப்பது வடமேற்கில் இருந்து வருகிற குளிர்முகம். சூடான ஈரக் காற்றின் அடியில் குளிர்ந்த காற்று ஆப்பு மாதிரி நுழையும்போது ஈரம் மேலே கிளம்பும், அதுதான் இடிமழை. ஒரு மணித்தியாலத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கும். எல்லோரும் ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்பாடா என்று இருப்பார்கள்.

இங்கேதான் சின்னவனின் பிழை. அந்த இடிமழைக்குப் பின்னால் வருகிற குளிர்காற்று எங்கிருந்து வருகிறது? வடமேற்கு ஒன்ராறியோ, மனிடோபா, சஸ்காச்சுவான். காடு எரிகிற ஊர்கள். மழை இருபது நிமிடம் பெய்து தன் தலைக்கு மேலே இருக்கிற காற்றைக் கழுவும், உண்மைதான். ஆனால் அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வருவது கழுவின காற்று இல்லை, ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி எரிகிற காட்டின் மேலால் வருகிற புதுக் காற்று. ஆறுதல் தருகிற காற்றும் புகை கொண்டுவருகிற காற்றும் ஒன்றுதான். இதை நான் எத்தனை தரம் பார்த்துவிட்டேன். இரவு மழையில் நனைந்துகொண்டு சட்பரி தாண்டுவேன், விடிய எழும்பினால் சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி நிற்கும்.

எப்போதும் வடமேற்குத்தான் என்றும் இல்லை. 2023 ஜூன் தொடக்கத்தில் நியூயோர்க் வானம் செம்மஞ்சளாகப் போனதே, அது கியூபெக் காடு. கிழக்குக் கரையில் ஒரு தாழமுக்கம் அசையாமல் நின்று இடஞ்சுழியாகச் சுற்றி, கியூபெக் புகையைத் தெற்கே இழுத்துவிட்டது. அதே மாதக் கடைசியில் ரொறன்ரோவுக்குத் திரும்பவும் வந்தது. அந்த வருடம் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு அதிகமாக எரிந்தது. 2025 அதற்கு அடுத்தபடி, 80 லட்சத்துக்கு மேல். அந்த வருடம் மே மாதக் கடைசியிலேயே மனிடோபாவில் ஃபிளின் ஃபிளான் என்ற ஊரை முழுதாக வெளியேற்றினார்கள். ஆக, மே தொடக்கம் செப்டம்பர் வரை புகைக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்று ஒன்றும் இல்லை. எங்கே எரிகிறது, காற்று எந்தப் பக்கம், இரண்டு கேள்விதான்.

எங்கே எரிகிறது என்பதற்கு அரசாங்கத்துத் தீ வரைபடம் இருக்கிறது. புகை எங்கே போகும் என்பதற்குக் கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் ஃபயர்வொர்க் என்ற கணிப்பும், ஃபயர்ஸ்மோக் கனடா தளத்தின் அசையும் படமும் இருக்கின்றன. மணித்தியாலம் மணித்தியாலமாக இரண்டு மூன்று நாளுக்குக் காட்டும். அதற்கு மேல் யாராவது புகைக்கு எதிர்வுகூறல் சொன்னால் அவர் சாத்திரம் பார்க்கிறார்.

இடிமழைக்கு அந்த இரண்டு நாளும் கிடையாது, சில மணித்தியாலம்தான். 2022 மே 21, விக்ரோறியா நாள் நீள்வாரச் சனிக்கிழமை. நான் அன்றைக்கு 401ஆம் நெடுஞ்சாலையில் கேம்பிரிட்ஜ் தாண்டி வெறும் டிரெய்லரோடு வந்துகொண்டிருந்தேன். மேற்கே வானம் கறுக்கவில்லை, பச்சையாக இருந்தது. கைபேசி அலறியது. அதுவரை கடத்தப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறபோதும் டொர்னாடோச் சுழல்காற்று எச்சரிக்கைக்கும்தான் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன், ஒரு இடிமழைக்குக் கேட்டது அன்றைக்குத்தான். ஓய்விடம் ஒன்றுக்குள் திருப்பி, ஒரு கட்டடத்தின் மறைவில் நிறுத்தினேன். நிறுத்தி ஐந்து நிமிடம் இல்லை, டிரெய்லர் ஒரு பக்கச் சில்லில் எழும்பி எழும்பி விழுந்தது. டெரேச்சோ என்று பிறகு பெயர் சொன்னார்கள். சார்ணியாப் பக்கத்தில் தொடங்கி, பகல் ஒரு மணி வாக்கில் ரொறன்ரோவைக் கடந்து, பின்னேரம் ஒட்டாவாவை உடைத்துவிட்டுக் கியூபெக் போனது. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீற்றர். சில இடங்களில் காற்று 190 கிலோமீற்றர் வேகம். பத்துப் பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலானோர் மரம் விழுந்து. எங்கள் வீட்டில் இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. மனைவி ஃபிரிட்ஜில் இருந்த மீன் முழுவதையும் வளவில் வைத்துச் சமைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தா. காலையில் அன்றைக்குப் பூங்காவுக்குப் போனவர்கள் வானம் நல்லா இருக்கு என்றுதான் போயிருப்பார்கள்.

உங்கள் ஏரியோரப் பூங்காவைப் பற்றி. நல்ல தெரிவு, ஆனால் ஏன் நல்லது என்று தெரிந்துகொண்டு போங்கோ. வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், ஏரி குளிராக இருக்கும், பகலில் ஏரியில் இருந்து கரைக்குக் காற்று வீசும். பிராம்ப்டனில் 31 அடிக்கும்போது கரையில் 24, 25 இருக்கலாம். அந்த ஏரிக்காற்று உள்நாட்டில் எந்த இடத்தில் போய் நிற்கிறதோ, அந்தக் கோட்டிலேதான் பின்னேர இடிமழை முளைக்கும். அதனால் வோனிலும் பிராம்ப்டனிலும் கொட்டும்போது கரையில் வெயில் அடிப்பதைப் பலதரம் பார்க்கலாம். ஆனால் குளிர்முகத்தோடு வரிசையாக வருகிற பெரிய புயலுக்கு ஏரியும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான், அது பார்க்காமல் கடந்து போகும். இன்னொன்று, மேற்குக் காற்று சில நாள் விடாமல் அடித்தால் ஏரியின் மேலே இருக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர் கரையை விட்டு விலகி, அடியில் உள்ளது மேலே வரும். நான் ஜூலை நடுவில் 10 டிகிரித் தண்ணீரில் கால் வைத்துவிட்டுத் துள்ளி வெளியே வந்திருக்கிறேன். அந்த நாட்களில் கரைக்காற்றும் குளிரும். குழந்தைக்கு ஒரு மேல்சட்டை வையுங்கோ.

பேஸ்மென்டுக்குச் சுருக்கமாக: 2024 ஜூலை 16, பியர்சனில் ஒரே நாளில் 97.8 மில்லிமீற்றர். டொன் வேலி (Don Valley) நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. 2013 ஜூலை 8இல் அதைவிட அதிகம், 126. நிலத்தில் இருக்கிற எந்தப் பெட்டியையும் ஓரடி உயர்த்தி வையுங்கோ. கடவுச்சீட்டு, நகை, மருந்து மேலே. கழிவுநீர் திரும்பி வருவதைத் தடுக்கிற வால்வு பூட்டியிருக்கிறதா, அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுகிற சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் இப்பவே கேளுங்கோ. வாடகைக் காப்புறுதியில் கழிவுநீர் திரும்புவதற்குத் தனிச் சேர்ப்பு வேண்டும், சும்மா 'தண்ணீர்' என்று போட்டிருந்தால் போதாது. என் மச்சான் அதைப் படிக்காமல் விட்டு இரண்டு மெத்தையும் ஒரு ரீவியும் இழந்தார்.

சின்னவனுக்கு: ஆகஸ்ட் நல்ல பிள்ளை இல்லை. 2024 ஆகஸ்ட் 17, பியர்சனில் 128 மில்லிமீற்றர்.

ஸ்காபரோ_சின்னவன்:

சரிண்ணே, நான் வாயை மூடிக்கிறேன். 😅 ஆனா அந்த லாங் வீக்கெண்ட்ல எனக்கு இதுவரை மழை பெய்ததில்லை, அதையும் பதிவு பண்ணிக்கிறேன்.

ஏஜாக்ஸ்_அக்கா:

அம்மாவின் ஆஸ்துமா பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சுவாசப் பிரிவில் தாதியாக வேலை பார்க்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், அம்மாவுக்கு எது பொருந்தும் என்று அவருடைய டாக்டரிடம் ஊரிலேயே கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்ஹேலரை இங்கே எல்லோரும் பஃபர் என்பார்கள். தங்குகிற காலம் முழுவதற்கும் போதுமான அளவு மருந்தும், டாக்டரின் கடிதமும், மருந்தின் மூலப்பெயரும் எழுதிக் கொண்டுவரட்டும். தினமும் எடுக்கிற தடுப்பு மருந்தை, "இங்கே காற்று சுத்தமாக இருக்கு" என்று நிறுத்துகிற அம்மாக்களை வருடாவருடம் பார்க்கிறேன். பிறகு புகை வருகிற அன்று, மூச்சு முட்டும்போது உடனடியாக எடுக்கிற நீல பஃபர் மட்டும் கையில் இருக்கும். வருகையாளர் காப்புறுதி எடுக்கும்போது ஆஸ்துமாவை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை நாள் மருந்து மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும், அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

புகை நாளில் ஒரு அறையைச் சுத்தமாக வைத்தால் போதும், முழு வீட்டோடும் மல்லுக்கட்ட வேண்டாம். படுக்கையறைக்கு நுண்துகளைப் பிடிக்கிற ஒரு ஹெப்பா காற்றுச் சுத்திகரிப்பான். அது விலை என்றால், பெட்டி விசிறியோடு மெர்வ் 13 என்ற தரத்துக் காற்று வடிகட்டிகளைச் சதுரமாக ஒட்டிச் செய்கிற முறை இருக்கிறது, கோர்சி-ரோசன்தால் பெட்டி என்று தேடினால் படம் வரும், நன்றாகவே வேலை செய்யும். வெளியே போக வேண்டி வந்தால் என்95. துணி முகக்கவசமும் சேலைத் தலைப்பும் அந்த நுண்துகளுக்கு ஒன்றும் செய்யாது.

அப்புறம் நம் ஆட்கள் செய்கிற ஒரு காரியம். வெளியே புகை என்று ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, உள்ளே வடை பொரிப்பது. அதோடு வெள்ளிக்கிழமை என்று சாம்பிராணி. அடைத்த பேஸ்மென்டில் பொரியலும் தாளிப்பும் ஊதுபத்தியும் சேர்ந்தால் துகள் அளவு வெளியைவிட உள்ளே மோசமாகிவிடும். என் வீட்டில் ஒரு சின்ன அளவுகருவி வைத்திருக்கிறேன், மாமியார் மிளகாய் வதக்கியபோது அது சிவந்ததைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். அந்த இரண்டு மூன்று நாள் இட்லி, இடியப்பம் என்று அவித்ததாகச் சாப்பிடுங்கள்.

வெக்கையும் புகையும் ஒன்றாக வந்தால்? ஏசி இல்லாமல் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வேகவைக்காதீர்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வெப்பம்தான் சீக்கிரம் ஆபத்து. குளிரூட்டிய நூலகம், மால், யாராவது சொந்தக்காரர் வீடு என்று அம்மாவை அங்கே கொண்டுபோங்கள். தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதிக்கு வெப்ப எச்சரிக்கை எப்போது வரும் என்றால், இரண்டு நாள் தொடர்ந்து பகல் 31ம் இரவு 20ம் தாண்டினால், அல்லது ஹியூமிடெக்ஸ் 40 வந்தால். அந்த இரவு 20ஐக் கவனியுங்கள். ராத்திரியும் ஆறாத வீடுதான் ஆளைச் சாய்க்கும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேஸ்மென்ட் உங்களுக்கு நல்லது.

மதுரை_டு_பிராம்ப்டன்:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. லொறி அண்ணா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "பச்சை வானம்" என்ற இடத்தில் அவள் பூங்காவே வேண்டாம் என்கிறாள். சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். போன ஜூலையில் என் போனில் காற்றுத் தரம் 160 என்று காட்டியது. ஆபீஸில் ஒருவர் 9 என்றார். இன்னொரு நாள் சூரியன் ரத்தச் சிவப்பாக இருந்தது, ஆனால் 2 என்று போட்டிருந்தது, மணமும் இல்லை. எதை நம்புவது?

பதினேழாம்_ரோட்டு_லொறிக்காரன்:

160 அமெரிக்கக் கணக்கு, 0இல் இருந்து 500 வரை போகும். 9 கனடாக் கணக்கு, ஏ.க்யூ.எச்.ஐ. என்பது. 1 தொடக்கம் 3 குறைவு, 4 தொடக்கம் 6 நடுத்தரம், 7 தொடக்கம் 10 அதிகம், அதற்கு மேல் 10+ என்று போடுவார்கள். கனடாக் கணக்கு நுண்துகளோடு ஓசோனையும் நைட்ரஜன் டைஆக்சைடையும் சேர்த்துப் பார்ப்பது. அதனால் புகையே இல்லாத தென்மேற்குக் காற்று நாளிலும் 5 காட்டலாம், அது ஓசோன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கோ. அம்மாவுக்கு 4இலேயே கவனம் தொடங்க வேண்டும், 7இல் வெளியே கூட்டிப்போக வேண்டாம். ஆரோக்கியமான ஆளுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் தனித்தனி அறிவுரை அதிலேயே எழுதியிருப்பார்கள்.

சிவப்புச் சூரியன், ஆனால் மணம் இல்லை என்றால் புகை மேலே ஓடுகிறது, உங்கள் மூக்குக்கு வரவில்லை. பார்க்கப் பயம், சுவாசிக்கப் பயம் இல்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் ஏறித் தரைக்காற்று கலங்கத் தொடங்கினால் மேலே இருப்பதைக் கீழே இழுத்துவிடும். காலையில் 2 என்று பார்த்துவிட்டு வெளியே போனவர் மத்தியானம் இருமிக்கொண்டு வருவது அதனால்தான். மாறாக, அமைதியான இரவில் தரையில் குளிர் மூடி போட்டுவிடும், கீழே வந்த புகை விடியும்வரை அங்கேயே கிடக்கும். தடித்த புகை வெயிலையும் மறைக்கும். 31 வரும் என்று சொன்ன நாளில் 28ஓடு நின்றுவிடும், எதிர்வுகூறல் பிழைத்துவிட்டது என்று எல்லோரும் ஏசுவார்கள்.

எச்சரிக்கைகளுக்கு 2025 நவம்பரில் இருந்து நிறம் வைத்திருக்கிறார்கள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் அடிக்கடி வரும், ஒவ்வொரு மஞ்சளுக்கும் விழாவை நிறுத்தினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடும். செம்மஞ்சள் வந்தால் பூங்காவை மறந்துவிடுங்கோ. வாட்ச் என்றால் வரக்கூடும், வார்னிங் என்றால் வந்துவிட்டது அல்லது வருகிறது.

பூங்கா ஷெல்டர் மழைக்கு மட்டும்தான். நாலு பக்கமும் திறந்த கூரை மின்னலுக்கு வீடு இல்லை. இடி கேட்டால் எல்லோரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் வெளியே வரக்கூடாது. அறுபது பேருக்குக் கார் போதுமா என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கோ, பஸ்ஸில் வருகிறவர்களை யார் ஏற்றுவது என்றும்.

மதுரை_டு_பிராம்ப்டன்:

மனைவி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். ஜூலை மூன்றாவது சனிக்கிழமை பூங்கா, அடுத்த சனிக்கிழமை மாற்று நாள். ஷெல்டர் இரண்டுக்கும் முன்பதிவு செய்தாயிற்று, முன்கூட்டியே ரத்து செய்தால் பெரும்பகுதிப் பணம் திரும்புமாம். வியாழக்கிழமை ராத்திரி புகைப் படத்தையும் காற்றுத் திசையையும் பனிநிலையையும் பார்த்து முடிவு. அழைப்பிதழிலேயே "வானிலை பொறுத்து" என்று போட்டுவிட்டோம். மாமா ஒருவர் போன் செய்து, "என்னப்பா, ராக்கெட்டா விடுற?" என்று கேட்டார்.

அம்மாவிடம் அக்கா சொன்ன மருந்துப் பட்டியலைச் சொல்லியாயிற்று. சாம்பிராணி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நேரம் மட்டும் பாக்கி. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறோம், வெயில் தணிந்திருக்கும்.

பதினேழாம்_ரோட்டு_லொறிக்காரன்:

நாலு மணியா? தம்பி, இடிமழை முளைக்கிற நேரமே அதுதான். பதினொரு மணிக்குத் தொடங்கி, பகல் சாப்பாடு போட்டு, இரண்டு மணிக்கு முன்னம் கேக்கை வெட்டுங்கோ. பிள்ளை அதற்குப் பிறகு எப்படியும் நித்திரை கொள்ளும்.